கம்ப்யூட்டரின் குறிப்பேடும் ஒரு பழைய பாக்கியும்

பொன்விழா மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ், ஆய்வகத்தில் உடைத்த கண்ணாடிச் சாமான், கடைசி பெஞ்சு என்று வழக்கமான நினைவுகளில் ஒன்றை எடுத்து விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக் கூடியவர்கள் நம் வகுப்பில் பத்துப் பேராவது இருக்கிறார்கள். எனவே எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டர் தன்னைப் பற்றிய விவரங்களை எங்கே குறித்து வைத்துக் கொண்டது, அந்தக் குறிப்பேடு கெட்டுப் போனால் அதை மீட்க ஒவ்வொரு காலத்திலும் என்ன வழி இருந்தது என்பதுதான் பொருள்.

இதென்னடா நம் சந்திப்புக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சம்பந்தம் உண்டு. 2000 ஜனவரியில் நம் வெள்ளிவிழாவுக்குக் கூடியபோது வகுப்பில் பாதிப் பேருக்கு அழைப்பே போய்ச் சேரவில்லை என்பது பலருக்கு நினைவிருக்கும். "கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு, அட்ரஸ் லிஸ்ட் போயிடுச்சு" என்று அன்று மேடையில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் கெட்டுப் போகவில்லை. என்ன நடந்தது என்பது எனக்கும் இன்னொருவருக்கும் மட்டுமே தெரியும். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. பொறுத்துக் கொள்ளுங்கள்.

பதினாறு சுவிட்சுகள்

கம்ப்யூட்டருக்கு ஒரு விசித்திரமான வியாதி உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் அதன் வேலை செய்யும் நினைவகத்தில் உள்ளது அத்தனையும் மறந்து போகும். மறுநாள் காலையில் எழுந்ததும் ‘நான் யார், என்னோடு என்னென்ன இணைத்திருக்கிறார்கள்’ என்று அது கேட்டுத் தெரிந்து கொண்டாக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்திருக்கும் இடத்தைத்தான் நான் குறிப்பேடு என்கிறேன். செட்டிங்ஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. அதில் இந்தக் குறிப்பேடு வெறும் சுவிட்சுகளாக இருந்தது. தாய்ப்பலகையில் எட்டு எட்டாக இரண்டு வரிசை, மொத்தம் பதினாறு குட்டிச் சுவிட்சுகள். எத்தனை ஃப்ளாப்பி டிரைவ், எந்த வகைத் திரை, எவ்வளவு நினைவகம் என்பதை இவற்றை மேலும் கீழும் தள்ளிச் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்து பால்பாயிண்ட் பேனா முனையால் தள்ளுவார்கள். மின்சாரம் போனாலும் சுவிட்ச் நகராது. பேக்கப் என்றால் எந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்வது. அவ்வளவுதான். அழகான காலம்.

1984-இல் அதே நிறுவனம் ஏ.டி. என்ற அடுத்த இயந்திரத்தைக் கொண்டு வந்தது. அதில் சுவிட்சுகளுக்குப் பதிலாக மோட்டரோலா தயாரித்த ஒரு சிறிய கடிகாரச் சில்லு வந்தது. அதன் நினைவகம் 64 பைட். கடிகாரத்தை நடத்த 14 பைட் போக மீதி 50 பைட்டில்தான் இயந்திரத்தின் குறிப்புகள் அத்தனையும். ஒரு போஸ்ட் கார்டில் எழுதும் முகவரிகூட அதில் முழுசாக அடங்காது. இதைத்தான் சீமாஸ் என்று சொல்லிப் பழகினோம். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் இது மறக்காமல் இருக்க ஒரு பேட்டரி உண்டு. பிற்காலத்தில் அது ஐந்து ரூபாய் நாணயம் போன்ற ஒரு வட்டச் செல்லாக மாறியது.

பேட்டரி என்றால் ஒருநாள் தீரத்தானே வேண்டும்? திரையில் தேதி 1980 ஜனவரி 1 என்று காட்ட ஆரம்பித்தால் செல்லுக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஒருநாள் காலையில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று இயந்திரம் சாதிக்கும். அந்நாளில் டிஸ்க்கின் அளவுகளை நாமே கொடுக்க வேண்டும். உதாரணமாக, 977 சிலிண்டர், 5 ஹெட், 17 செக்டார் என்ற கணக்கில் ஒரு வகை டிஸ்க் உண்டு. செக்டார் ஒன்றுக்கு 512 பைட். பெருக்கிப் பார்த்தால் சுமார் 4.25 கோடி பைட் வரும். அன்று ‘40 எம்.பி. டிஸ்க்’ என்று பெருமையாகச் சொல்லிக் கொண்டது இதைத்தான். இந்த மூன்று எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வைத்தவர் பிழைத்தார். ஒட்டாதவர் ஊரெல்லாம் விசாரித்துக் கொண்டு அலைந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரி தீர்ந்தபோது டிஸ்க்கில் இருந்த கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அங்கே போகும் வழியை எழுதிய சீட்டு மட்டும்தான் தொலைந்தது. வழி வேறு, சரக்கு வேறு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்.

கண்ணால் படிக்க முடிந்த காலம்

அடுத்தது டாஸ். கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்று இரண்டு ஃபைல்கள். எந்த மௌஸ், எவ்வளவு நினைவகம், எந்த புரோகிராம் முதலில் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் சாதாரண எழுத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். திருத்துவதற்கு முன் காப்பி என்ற கட்டளையால் ஒரு பிரதி எடுத்து வைத்துக் கொண்டால் போதும். சொதப்பிவிட்டால் பிரதியை மூலத்தின் மேல் எழுதிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. திருத்தம் தப்பாகப் போய் இயந்திரம் கிளம்பவே மறுத்தால், அந்தத் திருத்தத்தை எப்படிச் சரி செய்வது? சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். அதனால்தான் கிளம்பும் வழியைத் தனியாக ஒரு ஃப்ளாப்பியில் வைத்துக் கொள்ளும் பழக்கம் வந்தது. ‘பூட் ஃப்ளாப்பி’ இல்லாத கம்ப்யூட்டர்காரன் குடையில்லாமல் ஐப்பசி மாதம் வெளியே கிளம்பியவன் மாதிரி. 1993-இல் வந்த எம்.எஸ்.டாஸ் 6, எஃப்5 விசையை அழுத்தினால் இந்த இரண்டு ஃபைல்களையும் படிக்காமலே கிளம்பியது. எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாக ‘இதைச் செய்யட்டுமா’ என்று கேட்டது. நல்ல மாணவன்.

விண்டோஸ் 3.0 1990-இலும், 3.1 1992-இலும் வந்தன. இவற்றின் குறிப்புகள் வின்.இனி, சிஸ்டம்.இனி என்ற ஃபைல்களில் இருந்தன. இவையும் படிக்கக் கூடியவையே. ஆனால் ஒவ்வொரு புது புரோகிராமும் வந்த உடனே தன் பங்குக்கு நாலு வரி எழுதிவிட்டுப் போயிற்று. போகும்போது அழித்துவிட்டுப் போகும் பழக்கம் பலவற்றுக்கு இல்லை. கல்யாண மண்டபச் சுவரில் மொய் எழுதிய மாதிரி ஃபைல் நீண்டு கொண்டே போயிற்று.

ரெஜிஸ்ட்ரி வந்தது

1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி விண்டோஸ் 95 வெளியானது. சிதறிக் கிடந்த குறிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துப் போட்ட பெரிய பேரேட்டுக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். விண்டோஸ் 3.1-இலேயே சிறிய அளவில் ஒரு ரெஜிஸ்ட்ரி இருந்தது. 1993-இல் அலுவலகங்களுக்காக வந்த விண்டோஸ் என்.டி.யில் அது முழு உருவம் பெற்றது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது முழுசாக வந்து சேர்ந்தது 95-இல்தான். சிஸ்டம்.டேட் என்ற ஃபைலில் இயந்திரத்தைப் பற்றிய விவரம், யூசர்.டேட் என்ற ஃபைலில் பயன்படுத்துகிறவரின் விருப்பங்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டவை. டாஸ் ஃபைல்கள் போல இவற்றை வெறுமனே திறந்து படிக்க முடியாது. தனியாக ஒரு கருவி வேண்டும்.

பேரேடு ஒன்றாகிவிட்டதால் ஆபத்தும் ஒரே இடத்தில் குவிந்தது. இதை விண்டோஸைச் செய்தவர்களும் உணர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை நல்லபடியாகக் கிளம்பியதும் விண்டோஸ் 95 இந்த இரண்டு ஃபைல்களுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தது. சிஸ்டம்.டிஏ0, யூசர்.டிஏ0 என்று அவற்றுக்குப் பெயர். முதல் முதலாக விண்டோஸ் நிறுவப்பட்ட அன்று இருந்த நிலை சிஸ்டம்.1எஸ்டி என்ற பெயரில் தனியாக இருந்தது. டாஸுக்குப் போய் இவற்றை மூலத்தின் இடத்தில் காப்பி செய்தால் பழைய நிலை திரும்பும்.

இதில் ஒரு ஓட்டை. ‘நல்லபடியாகக் கிளம்பியது’ என்றால் என்ன? ஒரு தப்பான அமைப்போடும் விண்டோஸ் ஒருவாறாகக் கிளம்பி விடலாம். உடனே அந்தத் தப்பையும் சேர்த்துப் பிரதி எடுத்து, நேற்றைய நல்ல பிரதியின் மேலேயே எழுதிவிடும். ஒரே ஒரு பிரதி வைத்திருப்பதன் கஷ்டம் இதுதான். விண்டோஸ் 95 சி.டி.யின் ஒரு மூலையில் ஒன்பது பிரதிகள் வரை எடுக்கும் ஒரு சின்ன புரோகிராமும், ஃப்ளாப்பியில் எடுத்து வைக்கும் இன்னொன்றும் இருந்தன. தானாக நிறுவப்படாது. நாமே சி.டி.யைக் குடைந்து தேடி எடுக்க வேண்டும். எத்தனை பேர் தேடியிருப்போம்?

1998 ஜூன் 25-இல் வந்த விண்டோஸ் 98 இதைச் சீர் செய்தது. தினமும் முதல் தடவை கிளம்பும்போது ரெஜிஸ்ட்ரியைச் சோதித்து, ஒழுங்காக இருந்தால் ஒரு பிரதி எடுத்து, சுருக்கிக் கட்டி உள்ளே வைத்தது. ரெஜிஸ்ட்ரியோடு வின்.இனி, சிஸ்டம்.இனி இரண்டும் அந்தக் கட்டில் உண்டு. ஒன்றல்ல, ஐந்து பிரதிகள். ஆறாவது வரும்போது பழையது கழியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்பேக்கப் என்ற மறைவான உள் ஃபோல்டரில் இவை இருந்தன. ஆர்பி000.கேப் என்கிற பாணியில் பெயர்.

திரும்பப் பெறும் முறை இது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும். ‘கமாண்ட் பிராம்ப்ட் மட்டும்’ என்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கறுப்புத் திரையில் ஸ்கேன்ரெக் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ரெஸ்டோர் என்று அடிக்க வேண்டும். ஐந்து பிரதிகளும் தேதியோடு வரிசையாக வரும். அந்தப் பிரதியோடு விண்டோஸ் எப்போதாவது கிளம்பியிருக்கிறதா இல்லையா என்பதுகூடப் பக்கத்தில் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் தொடங்கினால், செட்டிங்ஸ் அந்தத் தேதிக்குப் போய்விடும். நம் கடிதங்களை, கணக்குகளைத் தொடாது. காப்பி போட்டு வாங்கி அது ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை.

இதற்கும் எல்லை உண்டு. பிரதிகள் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி சி.ஐ.எச். என்ற வைரஸ் அதைக் காட்டியது. டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அது வெறும் பூஜ்யங்களால் நிரப்பியது. சில இயந்திரங்களில் தாய்ப்பலகையின் பயாஸ் சில்லில் இருந்ததையும் அழித்தது. தென் கொரியா, துருக்கி போன்ற நாடுகளில் பெரும் சேதம். அந்த வைரஸ் தாக்கினால் ஐந்து பிரதி என்ன, ஐம்பது பிரதி இருந்தும் பயனில்லை. வீட்டுப் பத்திரத்தின் நகலை அதே வீட்டுப் பீரோவில் வைத்து, வீடே தீப்பிடித்தால் என்ன செய்வது?

ஆக, உள்ளே இருக்கும் பிரதி ஒரு வகை ஆபத்துக்கு. வெளியே இருக்கும் பிரதி இன்னொரு வகை ஆபத்துக்கு. நமக்கு அன்று வந்தது முதல் வகை ஆபத்து.

1999 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை

இனி பாக்கியைத் தீர்க்கிறேன்.

வெள்ளிவிழாவுக்கு முகவரி சேகரித்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நம் பட்டியல்காரர். 44 பேரில் 39 பேரின் முகவரியை இரண்டு வருஷம் அலைந்து சேர்த்திருந்தார். கல்லூரி அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் இருந்த ஊர்ப் பெயரை வைத்துக் கொண்டு அந்த ஊர் போஸ்ட் மாஸ்டருக்கே கடிதம் போட்டவர் அவர். வந்த இன்லண்ட் கடிதங்கள் ஒரு சாக்குப் பை நிறைய. ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிச் சேர்த்த ஒரு கம்ப்யூட்டரை 1998 கடைசியில் வீட்டில் வைத்தார். எல்லா முகவரியையும் அதில் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று அந்தச் சாக்குப் பையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே!"

நான் அப்போது அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். 2000-ஆம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்து கொண்டிருந்த நேரம். வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போட்ட இடங்களைத் தேடித் தேடி நான்கு இலக்கமாக்கிக் கொண்டிருந்தோம். வகுப்பு நண்பர்களுக்கு நான் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்’. அந்தப் பெயரை நானும் மறுத்ததில்லை.

காலை ஏழு மணிக்கு போன்.

"டேய், விண்டோஸ் மேகத்துலயே நிக்குதுடா. மேல போக மாட்டேங்குது."

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைடா. ஒரு சி.டி.யில ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் பண்ற புரோகிராம் இருந்துச்சு. நேத்து ராத்திரி ஓட்டினேன். வேண்டாததை எல்லாம் எடுத்துட்டேன்னு சொல்லிச்சு. நானும் சந்தோஷமா மூடிட்டுப் படுத்துட்டேன். காலையில பார்த்தா இப்படி."

போனேன். விண்டோஸ் 98-இன் மேகப் படம் திரையில் வந்தது. அதோடு சரி. சேஃப் மோட் போட்டுப் பார்த்தேன், அதுவும் பாதியில் நின்றது. எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரியின் கட்டுக்கோப்பு சிதைந்திருந்தால் விண்டோஸ் 98 அதைத் தானே கண்டுபிடித்திருக்கும். ஆனால் இங்கே கட்டுக்கோப்பு சரியாக இருந்தது, உள்ளே இருக்க வேண்டிய வரிகள்தான் இல்லை. பேரேட்டில் பக்கம் கிழியவில்லை, கணக்கு தப்பு. அந்த மாதிரித் தப்பை அந்தச் சோதனை கண்டுபிடிக்காது. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது.

"ஃபார்மட் பண்ணி மறுபடி விண்டோஸ் போட்டுடலாம்" என்றேன்.

"லிஸ்ட்டு?"

"ரெஜிஸ்ட்ரி போனா எல்லாம் போச்சுடா. பேக்கப் வச்சிருக்கியா?"

ஒரு ஃப்ளாப்பி வைத்திருந்தார். போட்டோம். டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டுப் படிக்க முடியவில்லை என்றது. நாலு தடவை, துடைத்து ஒரு தடவை. ஊஹூம். அவர் கொஞ்ச நேரம் அந்த ஃப்ளாப்பியையே பார்த்துக் கொண்டிருந்தார். "வேற வழியே இல்லையாடா?" என்றார். "இல்லை" என்றேன். தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்று சொன்னேன்.

என் பையில் இருந்த பூட் ஃப்ளாப்பியைப் போட்டுக் கிளப்பி, ஃபார்மட் கட்டளையை அடித்தேன். ‘இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாத் தகவலும் அழிந்துவிடும், தொடரவா?’ என்று கேட்டது. நான்தான் ‘ஒய்’ என்ற எழுத்தைத் தட்டினேன். சாயந்தரத்துக்குள் விண்டோஸ் புத்தம் புதிதாக வந்துவிட்டது. அவர் வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டுப் பெருமையாகத்தான் கிளம்பினேன்.

அவர் பழைய டைரிகளையும், எங்கள் ஞாபகத்தையும் துழாவி, கடைசியில் 20 முகவரி தேறியது. மீதி 19 பேருக்கு அழைப்புப் போகவில்லை. அவர்களில் இருவர் அடுத்த சந்திப்புக்கு முன்பே காலமாகி விட்டார்கள். 1975-இல் கல்லூரி வாசலில் கை கொடுத்துப் பிரிந்ததுதான் நம்மில் பலருக்கு அவர்களோடு கடைசி.

2001-இல் என் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் அதே போல மேகத்தில் நின்றது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கறுப்புத் திரைக்குப் போய் மேலே நான் எழுதிய அந்த ஒரு வரியை அடித்தான். ஐந்து வரிகள் வந்தன. ஐந்து தேதிகள். முந்தின நாள் தேதியைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு நிமிஷத்தில் விண்டோஸ் வந்துவிட்டது.

"இது எப்பலேருந்து இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"98-ல ஆரம்பத்துலேருந்தே இருக்கு சார்."

டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பட்டியல்காரர் தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறவர். சுத்தம் செய்யும் புரோகிராமை அவர் ஓட்டியது சனிக்கிழமை ராத்திரி. அப்படியானால் சனிக்கிழமை காலைப் பிரதி உள்ளே இருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பிரதியும், அதற்கு முந்தியவையும். நான் ஃபார்மட் செய்தபோது மருந்தையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. அந்த மருந்தே தேவையில்லை. கெட்டது செட்டிங்ஸ். முகவரி ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட் ஃப்ளாப்பியோடு நான் கறுப்புத் திரையில்தான் இருந்தேன். காப்பி என்று ஒரு கட்டளை, அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த கட்டளை. 39 முகவரிகளும் சில கே.பி.க்குள் அடங்கும் விஷயம். 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் அது ஒரு மூலைக்குக் காணாது. அந்த ஃபைலைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டு அப்புறம் எதை வேண்டுமானாலும் அழித்திருக்கலாம். பேட்டரி தீர்ந்தால் டிஸ்க் அழிவதில்லை என்று அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவன், வழி தொலைந்ததும் சரக்கு போச்சு என்று முடிவு கட்டினேன்.

அன்று மாலையே அவருக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விடுடா. நீ வேணும்னா பண்ணினே? யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார். அவரும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் மேல்தான் பழி போட்டு வந்தார்.

அதற்குப் பிறகு

மீதி வரலாற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2000 செப்டம்பரில் வந்த விண்டோஸ் எம்.இ.யில் சிஸ்டம் ரெஸ்டோர் என்ற வசதி வந்தது. 2001 அக்டோபர் 25-இல் வந்த எக்ஸ்.பி.யில் அது நிலைபெற்றது. ரெஜிஸ்ட்ரியோடு விண்டோஸின் முக்கியமான ஃபைல்களையும் சேர்த்து ஒரு ‘மீட்புப் புள்ளி’யாக இது குறித்து வைத்தது. புது டிரைவர் போடும் நேரத்திலும், நாள்தோறும் தானாகவும் அது நடந்தது. கறுப்புத் திரை தேவையில்லை. நாட்காட்டியில் தேதியைத் தொட்டால் போதும். மை டாக்குமெண்ட்ஸ் பக்கம் இது போகாது. அதாவது வழியை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டு போகும், சரக்கைத் தொடாது. நான் பட்டுத் தெரிந்து கொண்டதை அவர்கள் மென்பொருளிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

வைரஸ்கள் இந்த மீட்புப் புள்ளிகளுக்குள்ளும் புகுந்து ஒளிந்து கொண்டன. அதனால், சுத்தம் செய்யும் முன் சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்துங்கள் என்று அந்நாளில் சொல்வார்கள். நிறுத்தினால் எல்லாப் புள்ளிகளும் அழியும். ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியை மட்டும் தனி ஃபைலாக எடுத்து வைக்கவும் வழி உண்டு. ஆனால் அதைத் திரும்ப ஏற்றினால், பழைய வரிகள் வந்து சேருமே தவிர, இடையில் புதிதாக நுழைந்த வரிகள் போகாது. இது தெரியாமல் ‘ரெஸ்டோர் பண்ணியும் சரியாகலையே’ என்று தலையைப் பிய்த்துக் கொண்டவர்கள் பலர்.

பிற்காலத்து விண்டோஸிலும் ரெஜிஸ்ட்ரிக்குத் தானாகப் பிரதி எடுக்கும் வழக்கம் ரெக்பேக் என்ற ஃபோல்டரில் தொடர்ந்தது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். டிஸ்க்கில் இடம் மிச்சப்படுத்துவதற்காம். ஃபோல்டர் இருக்கும், ஃபைல் பெயர்களும் இருக்கும், திறந்து பார்த்தால் அளவு பூஜ்யம். பிரதி இருக்கிறது என்று நம்பிக் கொண்டிருப்பது வேறு, திறந்து பார்ப்பது வேறு. நம் பட்டியல்காரரின் ஃப்ளாப்பி சொன்னதும் அதுதான்.

நம்மில் பலர் வீட்டுப் பரணில் இன்னும் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூங்கிக் கொண்டிருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலத்துப் படங்கள், அப்பா அம்மா இருந்தபோது எழுதிய கடிதங்கள் அதில் இருக்கலாம். கிளம்பவில்லை என்றால் உடனே எடைக்குப் போட வேண்டாம். முதலில் அந்த வட்டச் செல்லை மாற்றிப் பாருங்கள். பிறகும் கிளம்பாவிட்டால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, வேண்டிய ஃபைல்களை வெளியே எடுங்கள். அதன் பிறகு செட்டிங்ஸை மீட்கப் பாருங்கள். எதையும் அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பக்கத்தில் நின்று ஒருவன் ‘வேறு வழியே இல்லை’ என்று சொன்னால் இன்னொருவனையும் கேளுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் பட்டியல்காரரிடம் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா அந்த ஸ்கேன்ரெக் கமாண்டையும் சேர்த்து எழுது. எவனாவது ஒருத்தன் வீட்ல இன்னும் 98 ஓடிக்கிட்டு இருக்கும்" என்றார். சேர்த்துவிட்டேன். பொன்விழாவுக்காக அவர் மறுபடி சேகரித்த பட்டியல் இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. இந்தத் தடவை அது ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரதியாக இருக்கும். அழைப்புப் போகாமல் விடுபட்ட நண்பர்களிடம், இருபத்தைந்து வருஷம் தாமதமாக, மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறேன். அந்த இருவரிடம் கேட்கத்தான் வழியில்லை.